சாறன் ராசாவைக் கழுவிய கதை

எங்கள் அச்சகத்தில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் ஒரே கேள்வியைப் பல வருசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கம்பியூட்டரில் ஒரு கலியாணக் கார்டுக்கு ரோசாப்பூப் படம் போட்டாலும், நான் அந்தப் பக்கம் போனால் திரைக்குக் கிட்டக் குனிந்து, பூவுக்குள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். "பூவுக்குள்ள என்ன காக்கா தேடுறீங்க?" என்பார்கள். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். சிரித்துவிட்டு வந்துவிடுவேன். இந்த முறை அச்சகத்துக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம், கடதாசியையும் பேனையையும் கையில் திணித்துவிட்டார்கள். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் திருத்துகிறோம் என்று நான் சொல்லாததைச் சேர்த்துவிடாதீர்கள். இது என்னுடைய வீடு சம்பந்தப்பட்ட விசயம்.

வேலை பழகிய காலத்தைப் பற்றி அதிகம் இல்லை. முதல் வருசம் கூட்டினேன். இரண்டாம் வருசம் ஈய எழுத்துக்களை அந்தந்தக் குழியில் பிரித்துப் போட்டேன். மூன்றாம் வருசம் அடுக்கத் தொடங்கினேன், அதன் பிறகு முப்பது வருசத்துக்கு மேல் அடுக்கினேன். ஈயம் நஞ்சு என்று யாரோ சொன்னதால் ஒரு நாளைக்கு எட்டுத் தரம் கை கழுவினேன். இன்னும் ஒன்றும் ஆகவில்லை. இனிமேல்தான் ஆகுமோ தெரியாது.

எங்கள் முதலாளியை ஊரே ஹாஜியார் என்றுதான் சொல்லும். புறூப், அதாவது பிழை பார்க்க முதலில் எடுக்கிற தாள், பார்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்கு, கீழிருந்து மேலாக வாசிப்பார். நேராக வாசித்தால் கருத்து மனிதனை இழுத்துக்கொண்டு போய்விடும், எழுத்தைப் பார்க்க விடாது என்பது அவருடைய கட்சி. பிழை என்று வாயால் சொல்லமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பிழையின் மேலே வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். நாங்கள் கண்ணாடியைத் தூக்கினால் கீழே பிழை இருக்கும். ஒரு நோட்டீசில் ஐந்து பிழை இருந்தால் அன்றைக்கு ஐந்து தேத்தண்ணி.

படம் பார்ப்பதற்கும் அதே மாதிரி ஒரு முறை. தாளைத் தலைகீழாகப் பிடித்துத்தான் பார்ப்பார். நேராகப் பிடித்தால் கண் படத்தைப் பார்க்கும், மையைப் பார்க்காது என்பார். மை எங்கே கூடியிருக்கிறது, எங்கே வெளிறியிருக்கிறது என்பதுதான் எங்கள் தொழில். என்ன படம் என்பது வாடிக்கையாளரின் தொழில். நானும் அப்படியே பழகினேன். வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் படம் அடித்திருக்கிறேன், ஒரு நாள் வரைக்கும் ஒன்றையும் நேராகப் பார்த்ததில்லை.

இனி ராசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாஜியாரின் வாப்பா அந்தக் காலத்தில் கொழும்பில் மூடப்போன ஒரு பழைய அச்சகத்தின் சாமான்களை ஏலத்தில் எடுத்தாராம். அதோடு ஒரு தேயிலைப் பெட்டி நிறைய பட புளொக்குகளும் வந்தன. மரக்கட்டையின் மேல் அறைந்த செப்புத் தகட்டில் செதுக்கிய படங்கள். குதிரை, கப்பல், குடை பிடித்த வெள்ளைக்காரி, இப்படிப் பலது. அதில் ஒன்று, சிம்மாசனத்தில் கொழுத்துப்போய் உட்கார்ந்திருக்கிற ஒரு ராசா. பின்னால் நாலு பேர் குனிந்து நிற்பார்கள். மருதமுனையில் ஒரு நெசவுக்காரர் தான் நெய்கிற சாறனுக்கு, அதாவது கைலிக்கு, லேபல் அடிக்க அந்த ராசாவைத் தெரிந்தெடுத்தார். சாறன் நன்றாக ஓடியது. அதன் பிறகு பணிஸ் பொதி செய்கிற பேக்கரி, சோடாக் கொம்பனி, ஒரு பல்பொடிக்காரர் எல்லாரும் அதே ராசாவைக் கேட்டார்கள். எங்கள் கல்முனையில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. சாறன் ராசா என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

சுனாமி என்று கடல் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு வெள்ளிதான் லீவு, ஞாயிறு வேலை நாள். நான் அச்சகத்தின் கூரைக்கு ஏறித் தப்பினேன். என்னுடைய மனைவி றகுமாவும் மூன்று பெண் பிள்ளைகளும் கரையை விட்டு உள்ளே ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். சாய்ந்தமருதுக் கரையில் இருந்த எங்கள் வீட்டில் கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியது. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், தப்பாதவர்களைப் பற்றி இதில் எழுதமாட்டேன். அதை எழுதினால் மற்றதை எழுத முடியாது.

அச்சகத்துக்குள் இடுப்பளவு தண்ணி நின்றது. கம்பியூட்டரும் புது மிஷினும் மௌத்து. கரன்ட் இல்லாமல் காலால் மிதிக்கிற பழைய மிஷின் மட்டும் சேற்றைக் கக்கிக்கொண்டு எழும்பி நின்றது. ஹாஜியார், "இதக் கழுவி வேலயத் தொடங்குங்க" என்றார்.

மிஷினையும் பட புளொக்குகளையும் கழுவுகிற வேலை என் பொறுப்பு. அந்த நாட்களில் நானும் குடும்பமும் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். கொட்டிலில் உட்கார்ந்தால் கடல் திரும்ப வருமா என்று யோசனை வரும். அதனால் விடியப் போய்ப் பின்னேரம் வரைக்கும் கழுவினேன். மண்ணெண்ணெய், பல் துலக்குகிற பிரஸ், ஒரு தையல் ஊசி. உப்பு ஒரு பொட்டு மிஞ்சினாலும் செம்பு அரித்துப்போகும் என்ற பயத்தில் ஒவ்வொரு கோட்டையும் ஊசியால் கிளறினேன். சாறன் ராசாவுக்கு மட்டும் நாலு நாள் பிடித்தது. கடல் சேற்றுக்குக் கீழே, எத்தனை தலைமுறையாகவோ காய்ந்து இறுகிய மை கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. நாலாம் நாள் தகடு புதுப் பவுன் மாதிரி மினுங்கியது. சந்தோசப்பட்டேன். படத்தில் கோடுகள் கூடியிருக்கின்றன என்பதும் தெரிந்தது. நல்ல வேலை செய்தேன் என்று நினைத்தேன்.

பத்து மாசம் கழித்து, வீடு இழந்தவர்களுக்கு வயல் பக்கம் புது வீட்டுத் திட்டம் வருகிறது என்றார்கள். அடிக்கல் நாட்டக் கொழும்பிலிருந்து அரசாங்கத்துப் பெரியவர் ஒருவர் வரப்போகிறார். வரவேற்புக் குழுவின் செயலாளர் காதர் மாஸ்டர், ஓய்வுபெற்ற ஆசிரியர். வீட்டுத் திட்டத்துக்குப் பேர் எழுதுகிற கொப்பியும் அவருடைய கையில்தான் இருந்தது. வீடோ நூற்றைம்பது, கேட்டவர்கள் அதைவிட மூன்று மடங்கு. என்னுடைய பேர் கொப்பியில் எங்கேயோ நடுவில் கிடந்தது.

மாஸ்டர் அச்சகத்துக்கு வந்து வரவேற்பு நோட்டீஸ் ஐந்நூறு வேண்டும் என்றார். பெரியவரின் படம் போட வழியில்லை, அதற்குரிய மிஷின் செத்துப்போயிற்று என்று ஹாஜியார் சொன்னார். மாஸ்டர் சுவரைப் பார்த்தார். அங்கே பழைய சாறன் லேபல் ஒன்று ஒட்டியிருந்தது.

"சாறன் ராசாவப் போடுங்க. கீழ, மன்னரே வருக எண்டு போடுங்க. கம்பீரமா இரிக்கும்."

நான் அடுக்கினேன். புறூப் எடுத்தேன். ஹாஜியார் எழுத்தைக் கீழிருந்து மேலாக வாசித்தார், படத்தைத் தலைகீழாகப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றவே இல்லை. "வடிவா ஏறியிரிக்கி" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அபூர்வம். இரண்டு நாளில் ஐந்நூறும் மிதித்து முடித்தேன். மாஸ்டரின் ஆட்கள் மருதமுனையிலிருந்து காரைதீவு வரைக்கும் மதிலில், மின்கம்பத்தில், கடைக் கதவில் எல்லாம் ஒட்டினார்கள்.

பெரியவர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், கிணறு துப்புரவு செய்கிற நிவாரண அமைப்பிலிருந்து ஒரு பிரான்ஸ்காரர் வந்தார். நீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று துண்டுப் பிரசுரம் அடிக்க வேண்டுமாம். மொழிபெயர்க்கப் பாண்டிருப்பு வசந்தி மிஸ் கூட வந்திருந்தார். மேசையில் கிடந்த வரவேற்பு நோட்டீசைப் பிரான்ஸ்காரர் எடுத்தார். பார்த்தார். பிறகு கதிரையைத் தேடி உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். 

வசந்தி மிஸ் அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சொன்னார். நூற்றைம்பது வருசத்துக்கும் முந்தி அவர்களுடைய பக்கத்தில் ராசாக்களைப் பற்றி வாயால் குறை பேச முடியாதாம். அதனால் கெட்டிக்காரர்கள் படமாகச் செதுக்கி அச்சடித்து விற்பார்களாம். சனம் கடைக் கண்ணாடிக்கு வெளியே கூடி நின்று பார்த்துச் சிரிக்குமாம். இது அந்த வகைப் படமாம்.

"தலையில இருக்கிறது கிரீடம் இல்லையாம் காக்கா. ராவில மூத்திரத்துக்குக் கட்டிலுக்குக் கீழ வைக்கிற சட்டியாம். பாருங்கோ, பிடி இருக்கு."

பிடி இருந்தது. நான் ஊசியால் கிளறி எடுத்த பிடி.

"ரெண்டு பக்கமும் நிக்கிறது இறகு இல்லையாம். கழுதைக் காதாம். பின்னால குனிஞ்சு நிக்கிறவங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிக்கிறாங்களாம்."

வாழ்நாளில் முதல் தடவையாக நான் ஒரு படத்தை நேராகப் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. எத்தனையோ வருசமாக மைக் கட்டி மூடி வைத்த மானத்தை நான் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி எடுத்திருக்கிறேன்.

அந்தப் படக்காரர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்கச் சொன்னேன். மிஸ் கேட்டார்.

"சிலரைப் பிடிச்சு மறியலில, ஜெயிலுக்குள்ள போட்டாங்களாம்."

"அச்சடிச்சவன?"

மிஸ் திரும்பக் கேட்டார். பிரான்ஸ்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அவங்களையும்தானாம் காக்கா."

ஹாஜியார் மேசைக்குக் கிட்ட வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். ராசாவின் இடது காதின் மேல் வைத்தார். பிறகு எடுத்து வலது காதின் மேல் வைத்தார். பிறகு சட்டியின் மேல். கடைசியில் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் கழுவியிரிக்காய் ஆதம்பாவா" என்று சொல்லித் தேத்தண்ணி குடிக்கப் போனார். அவர் திரும்பி வரப் பின்னேரத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

அவர் வரும் வரைக்கும் நான் இருந்த இருப்பை எழுத முடியாது. யுத்தம் ஓய்ந்த மாதிரி இருந்ததே தவிர முடியவில்லை. ஒரு சொல்லுக்கு ஆளைக் கொண்டுபோவார்கள், ஒரு சொல்லும் பேசாததற்கும் கொண்டுபோவார்கள். அதோடு கொப்பி. பெரியவருக்குக் கழுதைக் காது வைத்தவன் என்று தெரிந்தால் மாஸ்டர் என்னுடைய பேரை ஒரே கோட்டில் வெட்டுவார். மூன்று குமர்ப் பிள்ளைகளோடு தகரத்துக்குக் கீழே எத்தனை வருசம் இருப்பது?

ஐந்நூறையும் கிழிக்கலாம் என்றால் கிழிப்பது குற்றம். திரும்ப அடிக்கலாம் என்றால் தாள் இல்லை. காதை மட்டும் மறைத்தால் போதும் என்று எனக்கு யோசனை வந்தது. சட்டியைக் கிரீடம் என்று நினைப்பார்கள். மூக்குப் பொத்தினவர்கள் சின்னது, தெரியாது. காதுதான் ஆபத்து. ஒரு டப்பாவில் கறுத்த மை எடுத்தேன், குச்சியில் துணி சுற்றினேன், சைக்கிளில் ஏறினேன்.

ஒவ்வொரு நோட்டீசிலும் இரண்டு காதுக்கும் இரண்டு வட்டப் பொட்டு. இருபது முப்பது முடித்த பிறகுதான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். ராசா காதில் பெரிய ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தேநீர்க் கடையில் இரண்டு பேர், "இந்த ராசா நாம செல்லுற ஒண்டையும் கேக்கமாட்டார் போல" என்று கதைத்துக்கொண்டார்கள். கழுதைக் காது இருந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. இப்போது சிரித்தார்கள். ஆனால் பாதியில் நிறுத்தினால் சிலதில் காது, சிலதில் ஹெட்போன் என்று ஆகிவிடும், அது அதைவிடச் சந்தேகம். அதனால் தொடர்ந்து பூசிக்கொண்டு போனேன்.

காவலரணுக்குப் பக்கத்து மதிலில் பூசிக்கொண்டிருந்தபோது ஒரு சிப்பாய் வந்து சைக்கிளைப் பிடித்தான். இளம் பொடியன். எனக்கு வராத சிங்களத்தில் அவன் கேட்டதும், அவனுக்கு வராத தமிழில் நான் சொன்னதும் ஒன்றோடொன்று சேரவில்லை. அவன் கண்டது இவ்வளவுதான்: பெரியவரை வரவேற்கிற நோட்டீசை ஒருவன் கறுப்பு மையால் அழிக்கிறான். டப்பாவை மணந்து பார்த்தான். நோட்டீசின் அடியில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தான். காதர் மாஸ்டர் பத்து நிமிசத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஆரு ஒன்ன அனுப்பின? மத்தக் கட்சியா?"

எனக்கு இரண்டே வழி. காரணம் சொல்லாவிட்டால் பெரியவரின் நோட்டீசை அழித்தவன். சொன்னால் பெரியவருக்குக் கழுதைக் காது வைத்தவன். இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல பொய் இருந்திருக்கும். பயம் பிடித்தால் எனக்குப் பொய் வராது, உள்ளது எல்லாம் வரும். தேயிலைப் பெட்டி, ஊசி, மண்ணெண்ணெய், பிரான்ஸ்காரர், சட்டி, காது, மூக்கு என்று ஒன்றும் விடாமல் கொட்டினேன்.

மாஸ்டர் மை படாத நோட்டீஸ் ஒன்றைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"இது காதில்ல. இறகு."

"கழுதக் காது மாஸ்டர். உள்ளுக்கு மயிரும் கீறியிரிக்கி."

"இது கிரீடம்."

"பிடி இரிக்கி மாஸ்டர்."

"குனிஞ்சி நிக்கிறவங்க மரியாதைக்கு வாய் பொத்தி நிக்கிறாங்க. அரசருக்கு முன்னால அப்பிடித்தான் நிக்கிற."

"வாய் தெறந்துதான் இரிக்கி. மூக்கத்தான் பொத்தியிரிக்கி."

மாஸ்டர் நோட்டீசையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் சொல்வது உண்மை என்றால் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினவர் அவர், ஊரெல்லாம் ஒட்டினவரும் அவர்.  பிறகு குரலை இறக்கினார். பள்ளிக்கூடத்தில் அழுகிற பிள்ளையிடம் பேசுகிற குரல்.

"ஆதம்பாவா, தண்ணி வந்த அண்டைக்கு நீ எங்க நிண்ட?"

"அச்சகத்துக் கூரையில."

"நித்திர வருகுதா?"

"இல்ல மாஸ்டர்."

"கண்ட கண்ட இடத்தில முகம், காது எல்லாம் தெரியிதா?"

நான் என்ன சொல்வேன்? தெரிந்தது, அவர் கையிலேயே இருந்தது. ஓம் என்றேன். மாஸ்டர் சிப்பாயிடம் திரும்பி, நெற்றியைத் தொட்டுக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். முகுது என்ற சொல் மட்டும் விளங்கியது. கடலுக்கு அவர்கள் சொல்கிற சொல். சிப்பாயின் முகம் மாறியது. உள்ளே போய் ஒரு பிஸ்கட் பக்கெட் கொண்டுவந்து என் கையில் தந்து, தோளைத் தட்டி, சைக்கிளைத் தானே பிடித்து ஏற்றிவிட்டான்.

அடுத்த நாள் பெரியவர் மூன்று மணித்தியாலம் பிந்தி வந்தார். காருக்குக் கறுத்த கண்ணாடி, அதை இறக்கவும் இல்லை. காது வைத்ததையும் பார்க்கவில்லை, ஹெட்போன் வைத்ததையும் பார்க்கவில்லை. கல்லைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அன்றைக்குக் காய்ச்சல் என்று கொட்டிலுக்குள் படுத்திருந்தேன். உண்மையாகவே காய்ந்தது.

ஒரு வாரம் கழித்து மாஸ்டர் கொட்டிலுக்கு ஆள் அனுப்பினார். கொப்பியில் விசேட பிரிவு என்று ஒன்று வந்திருந்தது. அதில் என்னுடைய பேர் முதலாவது. பக்கத்தில் சிவப்பு மையில், கடல் அனர்த்தத்தால் மனநிலை பாதிக்கப்பட்டவர், முன்னுரிமை, என்று எழுதியிருந்தது. மாஸ்டருக்கு நான் சொன்னது முழுவதும் விளங்கியிருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எனக்குப் புத்தி சரி என்றால் அவருடைய நோட்டீஸ் பிழை. அவருடைய நோட்டீஸ் சரியாக இருக்க வேண்டும் என்றால் எனக்கு ஒரு வீடு தந்தே ஆகவேண்டும்.

கல் வைத்தார்களே தவிர வீடு எழும்பவில்லை. சண்டை திரும்பத் தொடங்கியது, சீமெந்து வரவில்லை, கொந்தராத்துக்காரர் மூன்று தரம் மாறினார். யுத்தம் முடிந்து காவலரண்களைக் கழற்றிய பிறகுதான் வீட்டுக்குக் கதவு பொருத்தினார்கள். அந்த வருசங்கள் முழுக்க எனக்கு ஒரு புதுக் கவலை. அரசாங்கக் கந்தோரில் அதிகாரி யாராவது கண்டால் புத்தி தெளிந்தவன் மாதிரித் தெரிந்துவிடக் கூடாது. அதற்காக ஏதாவது செய்தால் நடிக்கிறேன் என்று பிடித்துவிடுவார்கள். றகுமா, "நீங்க சும்மா இரிங்க, அதுவே போதும்" என்றாள்.

கடைசியில் ஒரு புது விதானையார், கிராமத்து அதிகாரி, விசாரிக்க வந்தார். கொட்டிலுக்குள் கதிரை போட்டுக் கொடுத்தோம். விசேட பிரிவு என்றால் கடலால் வந்த வருத்தமாக இருக்க வேண்டும், அதற்கு முந்தியே இருந்த வருத்தத்துக்கு வீடு இல்லை என்று விளங்கப்படுத்தினார். பிறகு என்னைக் கேட்காமல் றகுமாவைக் கேட்டார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. 

"இவர் சுனாமிக்கு முந்தியும் இப்பிடிப் பயந்தவரா?"

"ஓம் சேர்" என்றாள் றகுமா. "அப்பயும் பயந்தவர்தான். மழ பேஞ்சாப் பயம், மழ பேயாட்டியும் பயம்."

வீடு போய்விட்டது என்று நான் கண்ணை மூடினேன்.

"ஆனா சேர், அப்ப ஒண்டும் நடக்கல்ல."

விதானையார் பேனை மூடியைக் கழற்றினார். அவர் எந்தக் கரை, அவருக்கு யார் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. பிறகு குனிந்து, கடலால் வந்தது, என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

அடுத்த மாசம் வீட்டுத் திறப்பை, அதாவது சாவியை, தந்தார்கள். கடலிலிருந்து இரண்டு மைல், முன்னால் வயல். வேறு யாருடைய வீட்டுத் திறப்பையாவது மாறித் தந்துவிட்டார்களோ என்ற பயத்தில், பிள்ளைகளை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு நான் கதவை மூன்று தரம் திறந்து பூட்டிப் பார்த்தேன். நாலாம் தரம் றகுமா திறப்பை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, பிஸ்மி சொல்லி, பிள்ளைகளோடு உள்ளே போனாள்.